பாட்டு சர்வருக்கு நகல்: ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்

வீட்டுப் பாட்டு சர்வரில் 420 ஜிபி சேர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிடியிலிருந்து நானே எடுத்த ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலி) கோப்புகள், டிஸ்க் ஒருநாள் கண்ணை மூடினால் அத்தனை உழைப்பும் போச்சு. அதனால் அடுத்த அறையில் சும்மா கிடந்த லினக்ஸ் கணினிக்கு, நெட்வொர்க் வழியாக, மாறியதை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் என்ற நிரலை வைத்து நகல் எடுக்க உட்கார்ந்தேன். போன வருஷம் மேக்கிலிருந்து ஏறக்குறைய பாதியை அங்கே அனுப்பி வைத்திருந்தேன், மீதி மட்டும் போனால் போதும் என்பது என் கணக்கு.

சர்வரில் அழித்தது நகலிலும் அழிய வேண்டும் என்று டெலீட் ஆப்ஷனையும் சேர்த்தேன், ஆனால் அதைப் போட்டுவிட்டு நேரே ஓட்டும் தைரியம் எனக்கு இல்லை, முதலில் ட்ரை ரன், அதாவது எதையும் தொடாமல் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் சொல்லும் ஒத்திகை. முதல் தடவை மூலப் பாதையின் கடைசியில் சாய்கோடு போட மறந்து, மியூசிக்குக்குள் இன்னொரு மியூசிக் உருவாகப் பார்த்தது. அது எல்லாரும் செய்கிற தப்பு, விடுங்கள். இரண்டாம் தடவை வந்ததுதான் வேடிக்கை: 'சோலோ' ஃபோல்டரை அழிக்கப் போகிறேன் என்று ஒரு வரி, கொஞ்சம் கீழே அதே 'சோலோ'வைப் புதிதாக உருவாக்கப் போகிறேன் என்று இன்னொரு வரி. உள்ளே இருந்த பாட்டு அத்தனைக்கும் இதே கதை. ஆனால் 'பஜன்' ஃபோல்டரில் ஒன்றும் ஆகவில்லை.

கண்ணுக்கு இரண்டு 'சோலோ'வும் ஒன்றுதான். பைட் பைட்டாகப் பார்த்தபோது ஒன்று 12 பைட், மற்றது 18. அப்புறம்தான் உறைத்தது. 'சோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், ச-வோடு ஓகாரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது இரட்டைக்கொம்பு தனி, கால் தனி. மேக்கின் பழைய கோப்பு முறை பெயர்களை இப்படிப் பிரித்துத்தான் சேமிக்கும். சர்வரில் நான் லினக்ஸில் தட்டியது சேர்ந்த வடிவம். ஆர்சிங்குக்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வந்த பெயர்கள் மட்டும் மாட்டியது இதனால்தான், 'பஜன்' தப்பித்ததும் இதனால்தான்.

கன்வ்எம்வி என்ற சின்ன நிரல், பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றித் தரும். அதுவும் நாம் வெளிப்படையாகச் சொல்லாதவரை வெறும் ஒத்திகைதான் காட்டும், நல்ல பழக்கம். மாற்றிவிட்டு மறுபடி ட்ரை ரன், புதிய கோப்புகள் மட்டும் வரிசையில் நின்றன.

சரி, ஓட்டினேன். விநாடிக்கு 11 எம்பி. இந்த வேகத்தில் 220 ஜிபி போய்ச்சேர ஐந்தரை மணி நேரம் ஆகும். நகல் போகும் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பின் குறியாக்கம் பழைய ப்ராசஸரை மூச்சுத்திணற வைக்கிறது என்று நினைத்து அரைமணி நேரம் வீணாக்கினேன். ப்ராசஸர் சும்மாதான் இருந்தது. நெட்வொர்க் இணைப்பின் வேகத்தைக் காட்டும் ஈத்டூல் போட்டுப் பார்த்தால் இணைப்பே 100 மெகாபிட், அதாவது விநாடிக்கு 12 எம்பி சொச்சம்தான்! கிகாபிட் (1000 மெகாபிட்) வேகத்துக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும், ஒன்று எங்கோ அறுந்திருந்தால் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும். கேபிளை மாற்றினேன், விநாடிக்கு 80 எம்பியைத் தாண்டியது. அதற்கு மேல் டிஸ்க்கின் வேகம்தான் தடை.

முடிந்ததும் நகலில் இருந்த கோப்புகளை எல்லாம் ஃபிளாக்கின் சோதனை ஆப்ஷனில் ஓடவிட்டேன். எடுக்கும்போதே ஒலியின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் உள்ளே பதிந்திருக்கும், விரித்துப் பார்த்து ஒப்பிட்டுச் சொல்லிவிடும். இரண்டு கோப்புகள் தோற்றன. நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டே சர்வரில் பார்த்தேன், அங்கேயும் அதே இரண்டு. கெட்டுப்போனதை அப்படியே பத்திரமாக நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றை என் சிடியிலிருந்து மறுபடி எடுத்துவிடலாம், இன்னொன்று இரவல் சிடி, நண்பனிடம் மறுபடி போய் நிற்க வேண்டும்.