கொடையில் கேட்ட பேஸ் கிட்டார்

அம்பாசமுத்திரம் பக்கம் மாமா ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. நேற்று ராத்திரி மெல்லிசைக் கச்சேரி, முழுக்க எண்பதுகளின் இளையராஜா. மேடையை ஒட்டியே மணலில் இடம் பிடித்துவிட்டேன்.

பேஸ் கிட்டார் வாசித்த அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. அந்த விரலால்தான் கடைசிவரை கம்பியைச் சுண்டினார். பாட்டு ஒரு பக்கம் போக, அடியில் பேஸ் தனியாக இன்னொரு பாட்டுப் பாடும் பாருங்கள், 1976-இல் வந்த நாளிலிருந்து ராஜா நமக்குச் சேர்த்துவைத்த சொத்து அது. செல்போனில் பாதிதான் கேட்கும். நேற்று நெஞ்சுக்கூடே அதிர்ந்தது.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “எந்தூரு தம்பி? சாப்ட்டியாடே?” என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.