பிஎம்டிடி: இரண்டு மாத அட்டவணைக் குறிப்புகள்

2 ஜூன் 2025, முதல் நாள்

பிஎம்டிடி என்பது பீரியட்ஸுக்கு முந்தைய நாட்களில் மனநிலையைக் கடுமையாகக் குலைத்து, உதிரப்போக்கு வந்தபின் தணியும் கோளாறு. அதுதானா என்று டாக்டர் கண்டறிய, இரண்டு சுழற்சிக்குத் தினமும் எழுதும் அட்டவணை இது. உதிரப்போக்கு தொடங்கும் தேதிதான் சுழற்சியின் 1-ஆம் நாள். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரே போதும். கட்டத்தின் மூலையில் சுழற்சி நாள். கீழே எரிச்சல், சட்டென மாறும் மனம், மனச்சோர்வு, பதற்றம் நான்குக்கும் மதிப்பெண். 1 என்றால் இல்லவே இல்லை, 6 என்றால் தாங்க முடியவில்லை. அன்றைய வேலையும் உறவும் எவ்வளவு கெட்டன என்பதற்கு ஐந்தாவது எண். தூக்கம், பசி, உடல் உப்புசம், மார்பு வலிக்குச் சின்னக் குறி போதும். தினமும் படுக்கப் போகும்முன் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஏழு நாளையும் சேர்த்து நிரப்பினால் அன்றைய மனநிலையே ஏழு கட்டத்திலும் ஏறிவிடும்.

9 ஜூன், 8-ஆம் நாள்

நன்றாக இருக்கும் வாரத்தில்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். அட்டவணை கெடுவதே இங்கேதான். 4 முதல் 10 வரையிலான நாட்களில் எண்கள் 1, 2 என்று இறங்கியிருக்க வேண்டும். இங்கேயும் 4, 5 என்றே நின்றால், மாதம் முழுக்க இருக்கும் மனச்சோர்வு பீரியட்ஸுக்கு முன் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு வைத்தியம் வேறு.

ஹார்மோன் டெஸ்ட்டுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. பிஎம்டிடியில் ஹார்மோன் அளவு பொதுவாகச் சரியாகவே இருக்கும். அதன் ஏற்ற இறக்கத்தை மூளை தாங்கும் விதத்தில்தான் சிக்கல். ரிப்போர்ட்டை நீட்டி “எல்லாம் நார்மல், நீயா நினைச்சுக்கிறே” என்பது அபத்தம். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்ப்பது வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்ய.

16 ஜூன், 15-ஆம் நாள்

டாக்டர் முதலில் யோசிப்பது பெரும்பாலும் எஸ்எஸ்ஆர்ஐ (மனச்சோர்வுக்குத் தரும் ஒரு மருந்து வகை) மாத்திரை: ஃப்ளுவாக்ஸெட்டின் 20 மி.கி. அல்லது செர்ட்ராலின் 50 மி.கி. மனச்சோர்வுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கும் இதே மருந்து, இங்கே சில நாட்களிலேயே கேட்கும். அதனால் கருமுட்டை வெளிவரும் நாளிலிருந்து உதிரப்போக்கு வரை மட்டும் போடும் முறையும் உண்டு. அடுத்த பீரியட்ஸ் தேதியிலிருந்து 14 நாள் பின்னோக்கி எண்ண வேண்டும். சுழற்சி ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு தவறும். தினமும் போடுவதே அவர்களுக்கு எளிது. குமட்டல் வரலாம், தாம்பத்திய நாட்டம் குறையலாம். இருமுனைக் கோளாறு (பைபோலார்: மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) முன்பு இருந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த மருந்து மனத்தை அந்த அளவுமீறிய உற்சாகத்தின் பக்கம் தூக்கிவிடக்கூடும்.

25 ஜூன், 24-ஆம் நாள்

ராஜினாமா, விவாகரத்து, கடன் போன்ற முடிவுகளை உதிரப்போக்கு வந்து மூன்று நாள் கழியும்வரை தள்ளிவைக்கலாம். இந்த நாட்களை வீட்டார் முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆனால் “உனக்கு அந்த நாளா?” என்று சண்டையில் கேட்பது உதவியல்ல. சாக நினைத்தால் அட்டவணைக்காகக் காத்திருக்கக் கூடாது: டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416, இந்தியாவில் எந்நேரமும்.

30 ஜூன், மீண்டும் முதல் நாள்

கால்சியம் தினம் 1200 மி.கி., இரண்டு வேளையாக. லேசான தொல்லைகளுக்கு உதவுவதாக ஆய்வு உண்டு. பலன் தெரிய இரண்டு மூன்று சுழற்சி ஆகும். லேபிளில் ‘கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.’ என்றிருந்தால் உள்ளே இருக்கும் கால்சியம் 500 மி.கி.தான். சாப்பாட்டோடு போட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

28 ஜூலை, இரண்டு சுழற்சி முடிந்தது

ஒவ்வொரு சுழற்சியிலும் உதிரப்போக்குக்கு முந்தைய ஏழு நாட்களின் சராசரியை 4–10 நாட்களின் சராசரிக்கு எதிரே எழுதி, காலண்டரையே டாக்டரிடம் கொண்டுபோகலாம். பிஎம்டிடிக்கும் தரப்படும், ட்ரோஸ்பைரினோன் என்ற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பேச்சு வந்தால், கண்முன் மின்னலோடு வரும் ஒற்றைத்தலைவலி, ரத்தம் உறைந்த வரலாறு, புகைப்பழக்கம் மூன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.