பாங்காக்கில் பலகை இல்லாத ஓர் ஊஞ்சல்

சாம் யோட் மெட்ரோ நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தபோது காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை. அதற்குள் வெயில் முதுகைச் சுட்டது. பாங்காக்குக்கு வருகிறவர்கள் முதலில் அரண்மனைக்கும் மரகத புத்தர் கோயிலுக்கும் போவார்கள். நான் முதலில் பார்க்க ஆசைப்பட்டது ஓர் ஊஞ்சலை.

பம்ருங் முவாங் சாலையில் நடந்தேன். இரண்டு பக்கமும் வழிபாட்டுச் சாமான் கடைகள். மஞ்சள் பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஆளுயர புத்தர் சிலைகள் நடைபாதை ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பிக்குகளுக்குத் தானம் கொடுப்பதற்காகச் சோப்பு, பற்பசை, துண்டு எல்லாம் அடுக்கிக் கட்டிய மஞ்சள் வாளிகள். ஒரு கடைக்கார அம்மா தாளைக் கொஞ்சம் விலக்கி, புத்தரின் முகத்தை மட்டும் துணியால் துடைத்துவிட்டு மறுபடி மூடினார். பிள்ளைக்கு முகம் துடைத்துவிடுவது போலவே இருந்தது.

சாலை அகலமாகிற இடத்தில், வாட் சுதாத் கோயிலுக்கு எதிரே, அந்த ஊஞ்சல் நிற்கிறது. சிவப்பு வண்ணம் பூசிய தேக்குத் தூண்கள், இருபது மீட்டருக்கு மேல் உயரம், உச்சியில் செதுக்கு வேலை செய்த குறுக்குச் சட்டம். அவ்வளவுதான். பலகையும் கிடையாது, கயிறும் கிடையாது. சாவ் சிங் சா என்பது இதன் தாய்லாந்து மொழிப் பெயர். இப்போதுள்ள மரங்கள் 2007இல் அர்ப்பணிக்கப்பட்டவை. முதல் ஊஞ்சல் எழுந்தது 1784இல்.

அந்த ஆண்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த அயுத்தயாவை 1767இல் பர்மியப் படை அழித்தது. தக்சின் அரசர் ஆற்றின் மேற்குக் கரையில் தோன்புரியிலிருந்து ஆண்டார். அவருக்குப் பின் வந்த முதலாம் ராமா 1782இல் கிழக்குக் கரைக்கு மாறினார். அயுத்தயாவின் இடிபாடுகளிலிருந்து செங்கற்களைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே கட்டினார்கள். இழந்த ஊரை அப்படியே திரும்ப எழுப்பிவிட வேண்டும் என்ற தவிப்பு அது. ஊர் எழும்பி இரண்டே ஆண்டில் ஊஞ்சலும் அதற்குப் பக்கத்தில் தேவஸ்தானம் என்ற இந்துக் கோயிலும் வந்துவிட்டன என்றால், அவை இல்லாமல் தலைநகர் நிறைவாகாது என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டும். ஊரின் மிக நீண்ட சடங்குப் பெயரும், இந்திரன் ஆணைப்படி விசுவகர்மன் கட்டியது என்றுதான் முடிகிறது.

ஊஞ்சல் யாருக்காக? சிவபெருமானுக்காக. ஆண்டுக்கு ஒருமுறை பத்து நாள் அவர் பூமிக்கு வருவதாக நம்பிக்கை. அவரை வரவேற்க நான்கு நான்கு பேராகப் பலகையில் ஏறி ஆடுவார்கள். உயரமான மூங்கிலில் தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வ வேண்டும். 1935இல் இந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் விழா நிற்கவில்லை. அதன் பெயர் திரியம்பவாய். அதைத் தொடர்ந்து திருமாலுக்கு எடுப்பது திரிபவாய்.

திருவெம்பாவை, திருப்பாவை! மார்கழியில் பாட்டி குளிரில் உட்கார்ந்து பாடியது, கடல் தாண்டி ஓர் அரசவைச் சடங்கின் பெயராக நிற்கிறது. விழாவும் மார்கழியை ஒட்டித்தான் வருகிறது. முதலில் கயிலாயக் கதவைத் திறக்கும் சடங்கு, அப்புறம் துதிகள். தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்ததில் உச்சரிப்பு தாய்லாந்து மொழிக்கு வளைந்துவிட்டது. முதல் தடவை கேட்கிற தமிழருக்குத் தமிழ் என்றே தெரியாது. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் இதைப் பற்றி எழுதியதைப் படித்த நாளிலிருந்தே இங்கே வர வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

தேவஸ்தானம் நம் கோயில் மாதிரி இல்லை. கோபுரம் கிடையாது, வெள்ளைச் சுவரும் ஓட்டுக் கூரையுமாக, சிவன், விநாயகர், திருமால் மூவருக்கும் தனித்தனிக் கட்டடங்கள். அன்று விழா எதுவும் இல்லை. சிவன் சன்னிதியில் ஊதுவத்தி மட்டும் புகைந்தது. வெள்ளை உடுத்து, முடியைக் கொண்டை போட்ட இளைஞர் ஒருவர் பூத்தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அரசருக்கு முடிசூட்டும்போது சடங்கு செய்யும் மரபினர் இவர்கள். 2019இல் நடந்த முடிசூட்டு விழாவிலும் முன்னே நின்றார்கள். தங்கள் முன்னோர் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்ற கதை இவர்களிடம் வழங்கிவருகிறது.

சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் கட்டியது. அங்கே கோபுரம், மாலை, கற்பூரம் எல்லாம் உண்டு. சாயங்காலம் போனேன், தாய்லாந்து மக்கள்தான் நிறையப் பேர் கும்பிட்டார்கள். அங்கே எனக்கு எதுவும் புதிதில்லை. மனசு தேவஸ்தானத்திலேயே இருந்தது.

அந்த இளைஞரிடம், எனக்குத் தெரிந்த ஒரே சொல்லாக, "திரியம்பவாய்?" என்று கேட்டிருந்தேன். அவர் தலையசைத்து, ஊஞ்சல் இருந்த திசையைக் கை காட்டினார். நான் நெஞ்சில் கை வைத்து, நிறுத்தி, "திருவெம்பாவை" என்றேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை சரியாக வந்தது.