42ஆம் நாள்

மாலை போட்டிருந்த 41 நாளும் என்னால் குடிக்காமல் இருக்க முடிந்தது. மாலையைக் கழற்றிய அன்று இரவே குடித்தேன். 2016, 2017, 2018 என்று மூன்று வருடம் இப்படியே நடந்தது. "41 நாள் இருக்க முடிஞ்சதே, 42ஆம் நாள் என்னங்க ஆச்சு?" என்று என் மனைவி கேட்பாள். அவள் திட்டுவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க எனக்கு இன்னும் நான்கு வருடம் ஆயிற்று. அதைத்தான் எழுதுகிறேன். என் பெயரைப் போடவில்லை, காரணம் பின்னால் வரும்.

நான் பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கண்டோன்மென்ட் வேலைக்கு வந்த குடும்பம். காட்டன்பேட்டையில் ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறேன். பாக்கெட் சாராயத்தில் ஆரம்பித்த பழக்கம். 2007 ஜூலையில் கர்நாடக அரசு சாராயத்தைத் தடை செய்தது. நான் 90 மில்லி விஸ்கி அட்டைப் பாக்கெட்டுக்கு மாறிக்கொண்டேன். என் வேலையில் நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். போகப்போகக் காலையில் கை நடுங்க ஆரம்பித்தது, பிளேட்டை மாட்ட முடியாது. ஒரு பாக்கெட் உள்ளே போனால் நடுக்கம் நின்றுவிடும். மருந்து கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நடுக்கம்தான் நோய் என்று சொல்ல அப்போது யாரும் இல்லை.

சாமி வழியில் நான் செய்யாதது எதுவும் இல்லை. முனீஸ்வரன் கோயிலில் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொண்டேன். பத்தொன்பதாம் நாள் அந்தக் கயிற்றை அவிழ்த்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுக் குடிக்கப் போனேன். அப்புறம் ஐயப்பன் மாலை. விரதத்தின் முதல் மூன்று நாள் வேர்த்துக் கொட்டும், தூக்கமே வராது, கை உதறும். "சாமி சோதிக்கிறார், தாங்கிக்கோங்க சாமி" என்பார் குருசாமி. தாங்கினேன். நாலாம் நாளிலிருந்து நான் வேறு மனிதன். விடியற்காலையில் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளியல், சரணம், வெறும் காலோடு வேலை, சாயங்காலம் பஜனை. வீட்டில் பிள்ளைகள் பயமில்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த நாட்கள் அவைதான்.

2019-இல் என் அண்ணன் ஊருக்கு வெளியே இருந்த ஒரு மறுவாழ்வு மையத்தில் என்னைச் சேர்த்தார். ராத்திரி பத்து மணிக்கு வேன் வந்தது, நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம். அங்கேயும் காலையும் மாலையும் பிரார்த்தனை உண்டு, வாய் திறந்து பாடாதவனுக்கு அடி. வெளியே வந்த அன்றே குடித்தேன். அண்ணன் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் கம்பு வைத்துக்கொண்டு சாமி பெயரைச் சொல்ல வைத்ததை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்கப்புறம் ஒரு வருடம் நான் பூஜை அறைக்குள் போகவே இல்லை.

2020 ஊரடங்கில் மார்ச் 25 முதல் மே 3 வரை கடை இல்லை. எண்ணிப் பார்த்தால் சரியாக 40 நாள். முதல் வாரம் சுவர் முழுக்க எறும்பு ஊர்வதாகச் சொல்லி விளக்குமாற்றால் பெருக்கிக்கொண்டே இருந்தேனாம், எனக்கு நினைவில்லை. மே 4 காலையில் கடை திறந்தபோது வரிசையில் நின்றேன். மறுபடியும் 41ஆம் நாள்.

2021 கார்த்திகை முதல் தேதி திரும்ப மாலை போட்டேன். மறுநாள் சாயங்காலம் பஜனையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே பின்னால் சாய்ந்து வலிப்பு வந்து கிடந்தேன். பக்கத்து ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் போதை மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். மாலை கழுத்திலேயே இருந்தது.

இந்த இடத்தைப் படிப்பவர்கள் தயவுசெய்து நிதானமாகப் படிக்க வேண்டும். அங்கே டாக்டர் அம்மா என் மனைவிக்கு விளக்கிச் சொன்னது இது. வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடீரென்று மது நின்றால் தாங்காது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சல் ஏறி உயிரே போகலாம். நான் மூன்று வருடம் சாமியின் சோதனை என்று தாங்கியது இதைத்தான். மாத்திரை கொடுத்து அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள், பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். பத்து நாளில் கை நின்றது. காலையிலேயே குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவரை வீட்டில் பூட்டி வைத்தோ, மாலை போட வைத்தோ நிறுத்தாதீர்கள். முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், மாலை அப்புறம் போடலாம். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416.

இன்னொன்று. போஸ்டரில் பார்த்த நம்பருக்குப் பணம் அனுப்பி, "அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தும்" பொடி ஒன்றை வாங்கி என் சாம்பாரில் கலந்து வந்ததாக என் மனைவி அங்கேதான் அழுதுகொண்டே சொன்னாள். டாக்டர் கோபப்படவில்லை. டைசல்ஃபிரம் போன்ற மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் கொடுப்போம் என்றார். அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

எட்டாம் நாள் ஒரு பெரியவர் வார்டுக்கு வந்தார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல தமிழ். தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி. கடைசியா குடிச்சு 19 வருஷம் ஆகுது" என்றார். எனக்கு ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. தன் கதையை மட்டும் சொன்னார். கக்கூஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் பாட்டிலை ஒளித்து வைத்ததைச் சொன்னபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். என் வீட்டிலும் அதே இடம்தான். போகும்போது, "டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கு சாயங்காலமே வாங்க. வீட்டுக்குப் போயிட்டு வரலாம்னு நினைக்காதீங்க" என்றார்.

சிவாஜிநகர்ப் பக்கம், ஒரு சர்ச்சோடு ஒட்டிய பள்ளிக்கூடத்து வகுப்பறை. ராத்திரி ஏழு மணிக்குத் தமிழில் ஏ.ஏ. கூட்டம், அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் அமைப்பு. சுவரில் மாதா படம். என்னை மதம் மாற்றப் போகிறார்கள் என்று பயந்தேன், அதை வாய்விட்டே கேட்டும்விட்டேன். குடியை விட அங்கே பின்பற்றும் 12 படிகள் இருந்த தாளைப் பெரியவர் காட்டினார். மூன்றாம் படியில் நம்மை ஒப்படைப்பது "நாம் புரிந்துகொண்டபடியான கடவுளிடம்" என்று இருந்தது. 1939-இல் அந்தப் படிகளை வெளியிட்டபோது, சாமி நம்பிக்கை இல்லாத உறுப்பினர்களும் இருந்ததால் சண்டை போட்டுச் சேர்த்த வார்த்தைகள் அவை என்றார். எங்கள் அறையில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்துவிட்டு வரும் கறிக்கடை பாய் இருக்கிறார். அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர் இருக்கிறார். "எனக்கு சாமி கிடையாது, இந்த ரூம்தான்" என்கிற எலெக்ட்ரீஷியன் தம்பி இருக்கிறான். அறை சர்ச்சுக்குச் சொந்தம், நாங்கள் வாடகை கொடுக்கிறோம், அவ்வளவுதான். கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை. கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம். டீயும் வாடகையும் அதிலிருந்துதான்.

வெளியே யாரும் பெயர் சொல்லாததற்குக் காரணம் கேட்டேன். வேலைக்கும் குடும்பத்துக்கும் கெடுதல் வரக்கூடாது என்பது ஒன்று. இன்னொன்று, இன்று நான் ஊரறியப் பெயர் போட்டு எழுதி, நாளை விழுந்துவிட்டால், இந்த வழியே பொய் என்று ஒருவர் வராமல் போய்விடலாம். அதனால்தான் இங்கேயும் போடவில்லை.

இந்த அமைப்பு எப்படி ஆரம்பித்தது என்று அங்கே சொன்ன கதை எனக்கு மனப்பாடம். 1935 மே மாதம். அமெரிக்காவில் பங்குச் சந்தை வேலையிலிருந்த பில், குடியை விட்டு ஐந்து மாதம் ஆனவர், அக்ரான் என்ற வெளியூருக்கு வந்த வேலை தோற்றுப்போய் ஓட்டல் கூடத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன், பக்கத்தில் ஊர்ச் சர்ச்சுகளின் பட்டியல். அவர் போன் பக்கம் போகிறார். பாதிரியாரிடம் அவர் கேட்டது ஜெபம் இல்லை, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர். அப்படி விசாரித்துப் போய்ச் சேர்ந்த ஆள்தான் டாக்டர் பாப். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த நாள் என்று 1935 ஜூன் 10-ஐச் சொல்கிறார்கள், அதுவே அமைப்பின் பிறந்த நாள்.

முதல் 90 நாளில் 90 கூட்டம் என்றார்கள். ஒரு நாள் தமிழ், ஒரு நாள் கன்னடம், ஞாயிறு இங்கிலீஷ், பாதி புரியாமல் உட்கார்ந்திருப்பேன். அதற்கப்புறம் வாரம் மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைத்துக்கொண்டேன். 2022 ஆடியில் எங்கள் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். பாத்திரம் கழுவி முடித்த களைப்பில், பின்னால் நின்ற பையன்களிடம் ஒரு டம்ளர் வாங்கினேன். அந்த ஒரு டம்ளர் பதினோரு நாள் ஓடியது.

திரும்ப எப்படி அந்த அறைக்குப் போனேன் என்பதுதான் எனக்கு இதில் முக்கியம். வாசலில் இருபது நிமிடம் நின்றேன். கோயிலில் சத்தியத்தை மீறியவன் அந்தச் சாமி முகத்தையே பார்க்க வெட்கப்பட்டு வேறு கோயில் தேடுவான், நானே அப்படித்தான் தேடியிருக்கிறேன். உள்ளே பெரியவர் என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்த பையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "டீ குடிச்சீங்களா?" என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. என் முறை வந்தபோது நானே சொன்னேன். ஆஸ்பத்திரிக்கும் அவரே கூட வந்தார்.

அன்று ராத்திரிதான் என் மனைவியின் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்தது. மாலை போட்ட 41 நாளும் நான் ஓர் இரவுகூடத் தனியாக இல்லை. ஒரு நாள் பஜனைக்கு வராவிட்டால் "சாமி எங்கே?" என்று வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம், அடுத்த கார்த்திகை வரை என்னை யாரும் தேட மாட்டார்கள். ஐயப்பன் என்னைக் கைவிட்டார் என்று நினைத்திருந்தேன். உண்மையில் 42ஆம் நாள் என் வாசலுக்கு யாரும் வரவில்லை.

மனைவி அல்-அனான் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள், குடும்பத்தினருக்கானது, பில்லின் மனைவி லூயிஸும் தோழி ஒருவரும் 1951-இல் தொடங்கியது. அவளிடம் முதலில் மாறியது ஒன்றுதான்: எனக்குக் காய்ச்சல் என்று அச்சகத்துக்குப் போன் செய்து பொய் சொல்வதை நிறுத்தினாள். எனக்குக் கோபம் வந்தது. இன்று அதற்காக நன்றி சொல்கிறேன்.

ஒன்பதாம் படி, நாம் கெடுத்தவர்களிடம் போய்ச் சரிசெய்வது. மாமியாரின் வளையலை அடகு வைத்துக் குடித்திருந்தேன். வாணியம்பாடிக்குப் போய் அவர் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. "அடகுச் சீட்டு இருக்கா?" என்று கேட்டார். இருந்தது, கொடுத்தேன். மாதம் 1,500 ரூபாய் அனுப்பி மீட்டுக் கொடுக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. இன்னும் அவர் என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஆனால் போன தீபாவளிக்கு எனக்கும் சேர்த்து வேட்டி எடுத்திருந்தார்.

குருசாமியிடமும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வலிப்பு வந்தது நோயால் என்று கேட்டதும் அவர் கலங்கிப் போனார், எத்தனை பேரைத் தாங்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். இப்போது மாலை கேட்டு வருகிறவரிடம் குடியைப் பற்றி முதலிலேயே கேட்கிறார், வேண்டியவரை டாக்டரிடம் அனுப்புகிறார். சனிக்கிழமை பஜனை வருடம் முழுக்க நடக்கிறது. பாதி நாள் பத்துப் பேர்கூட வருவதில்லை. ஆனாலும் விளக்கு ஏற்றுகிறார்.

எனக்குக் குடியில்லாமல் மூன்று வருடம் தாண்டிவிட்டது. இந்தக் கார்த்திகையில் பெயின்டர் பையன் ஒருவன், சிகிச்சை முடித்தவன், முதல் தடவையாக மாலை போட்டிருக்கிறான். வரும் வியாழக்கிழமை விடியற்காலை சபரிமலையிலிருந்து பஸ் வந்து சேர்கிறது. மாலையைக் கழற்றிய கையோடு எங்கள் வீட்டில் இட்லி, பகலில் என்னோடு அச்சகம், ஏழு மணிக்கு அந்த வகுப்பறை. லீவு வேண்டாம், கூட ஒரு ஆள் வருவான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.