கடலை விரட்டுற வீரனும் என்னோட ஒத்தச் செருப்பும்

எங்க வீட்டு நாய்க்கு வீரான்னு பேரு. வெச்சது நான்தான், அதனால தப்பும் என்னோடதுதான். ரெண்டு மாசக் குட்டியா வீட்டுக்கு வந்த அன்னைக்கு என் சாக்ஸைக் கவ்விக்கிட்டு உர்ருன்னான், அடேங்கப்பா என்ன தைரியம்டான்னு அங்கயே பேரை வெச்சுட்டேன். அதுக்கப்புறம் இந்த நாலு வருஷத்துல அவன் பயந்து கட்டிலுக்கு அடியில போன காரணங்களைச் சொன்னா விரிச்ச குடை, பலூன், மிக்ஸி, காத்துல பறந்து வந்த பிளாஸ்டிக் கவர், அப்புறம் ஒரு தடவை அலமாரிக் கண்ணாடியில தெரிஞ்ச அவனே.

ஆனா பீச்சுக்குப் போயிட்டா ஆளே வேற. அலை வரும், இவன் நாலு காலையும் ஊன்றி நின்னு குரைப்பான், அலை திரும்பிப் போயிடும். அவ்ளோதான், ஜெயிச்சாச்சு. வாலைத் தூக்கிக்கிட்டு நம்ம பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான் பாருங்க, அதுக்குள்ள அடுத்த அலை வந்துடும், மறுபடி ஓடுவான். நாலு வருஷமா ஒரு தோல்வி கூட கிடையாது. அவன் கணக்குப்படி கடல் ஊருக்குள்ள வராம இருக்கறதே அவனாலதான், நாமதான் அருமை தெரியாம பிஸ்கட்டை எண்ணி எண்ணிப் போடுறோம்.

ஞாயித்துக்கிழமை ஆனா விடியக்காலைல ஆறு நாயும் ஏழெட்டு மனுஷங்களுமா சேர்ந்து நடப்போம். விடியக்காலைல போறதுக்குக் காரணம் கூட்டம் இருக்காதுங்கறது மட்டும் இல்ல, வெயில் ஏறுன மணல் நாய்ப் பாதத்தைப் பொசுக்கிடும். புறங்கையை மணல்ல ஒரு ஏழு செகண்ட் வெச்சுப் பாருங்க, உங்களால தாங்க முடியலைன்னா அதுங்களாலயும் முடியாது. இந்தக் குரூப்புல மனுஷங்களுக்குப் பேரே கிடையாது. சேர்மன் அப்பா, பீமா அம்மா, ஸ்வீட்டி அக்கா, அவ்ளோதான். நான் வீரா அப்பா. ஒரு நாள் பேங்க்ல பீமா அம்மாவைப் பார்த்தேன், கூட பீமா இல்லாததால எங்கயோ பார்த்த முகமா இருக்கேன்னு அவங்க யோசிக்க, நானும் யோசிக்க, கடைசில ரெண்டு பேரும் தலையாட்டிட்டுக் கிளம்பிட்டோம்.

பீமான்னதும் பெருசா கற்பனை பண்ணிடாதீங்க, அது டேஷ்ஹண்ட். நீளத்துக்கு உண்டான உயரம் கிடையாது, ஈர மணல்ல நடந்தா வயிறு கோடு போட்டுக்கிட்டே வரும். ஜெர்மன்ல டாக்ஸ்னா வளை தோண்டி வாழுற பேட்ஜர்ங்கற பிராணி, ஹுண்ட்னா நாய். அந்தப் பிராணியோட வளைக்குள்ளயே நுழைஞ்சு அதைப் புடிக்கறதுக்குன்னு உருவாக்குன இனம் இது. பீச்சுல பேட்ஜர் ஏதுன்னு நாம கேக்கலாம், பீமா கேக்காது. மணலைப் பார்த்துட்டா போதும், முன்னங்காலு ரெண்டும் மோட்டார் மாதிரி ஓடும், பின்னாடி யார் நிக்கறா, யாரு கண்ணுல மண்ணு விழுதுங்கறதெல்லாம் அதோட பிரச்சினை இல்ல.

ப்ரௌனி லேப்ரடார், முப்பத்தி நாலு கிலோ. இந்த இனத்தோட மூதாதைங்க கனடாவுல நியூஃபவுண்ட்லாந்து பக்கம் மீனவர்களோட வேலை பார்த்ததுங்க, தூண்டில்ல இருந்து நழுவுன மீனைப் புடிச்சுட்டு வர்றது, வலையை இழுத்துக் கொடுக்கறதுன்னு. கால் விரலுக்கு நடுவுல ஜவ்வு, தண்ணி உள்ள இறங்காத ரெட்டை அடுக்கு ரோமம், துடுப்பு மாதிரி தடி வால். இவ்ளோ தகுதியோட பொறந்துட்டு சும்மா இருக்க முடியுமா, கண்ணுல பட்டதையெல்லாம் கொண்டு வந்து நம்ம கால்ல போடும். மரக்கட்டை, அறுந்த வலைத்துண்டு, ஒரு தடவை யாரோ தூங்கிட்டு இருந்தவரோட துண்டு. ஆனா மனசு தங்கம். பீமா முன்னங்காலை மடக்கி நெஞ்சைத் தரையில வெச்சு பின்பக்கத்தை மேல தூக்கிக் காட்டும், வா விளையாடலாம்னு நாய் பாஷையில கூப்பிடறது அது, உடனே இந்த முப்பத்தி நாலு கிலோ தொப்புன்னு மல்லாக்க விழுந்து ஐயோ என்னைத் தோக்கடிச்சுட்டாங்கன்னு கிடக்கும். சின்ன நாயோட விளையாடும்போது பெரிய நாய் தானா விட்டுக்கொடுக்கறது சகஜம்தான், ஆனா ப்ரௌனி பண்றது கொஞ்சம் ஓவர் ஆக்டிங்.

சேர்மன் பக் இனம். நடக்க மாட்டார், வருகை தருவார். மூஞ்சி சப்பையா இருக்கறதால மூச்சு வாங்கும், சீக்கிரம் சூடாயிடும், அதனால அவங்கப்பா பாதி தூரம் தூக்கிட்டுத்தான் வருவார். சேர்மன் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் உடம்பை வருத்திக்குவார், ஆய் போறதுக்கு. ஒரு சுத்து, ரெண்டு சுத்து, இடம் சரியில்ல, தள்ளிப் போய் மறுபடி ஒரு சுத்து. பூமியோட காந்தப்புலம் அமைதியா இருக்கற நேரத்துல நாய்ங்க வடக்கு தெற்கா நின்னு போறதையே விரும்புதுன்னு 2013ல ஒரு ஆய்வு வந்துச்சு. நான் இதை சேர்மன் அப்பாகிட்ட சொன்னேன். கையில கவரை விரிச்சு வெச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷமா குனிஞ்சு நின்னுட்டு இருந்த மனுஷன், "அப்போ இவருக்குத் திசைகாட்டி ரிப்பேரு"ன்னார்.

மிச்சம் ரெண்டு பேர். ஸ்வீட்டி பீகிள், மூக்கு எங்க போகுதோ உடம்பு அங்க போகும், காது அந்த நேரத்துல வேலை செய்யாது. டீச்சர்னு ஒரு பார்டர் கோலி, ஆடு மேய்க்கற வம்சம், ஆடு கிடைக்காததால எங்களை மேய்க்குது. யாராவது ரெண்டடி தள்ளி நடந்தா சுத்தி வந்து முறைச்சுப் பார்க்கும், அந்தப் பார்வைக்கு நாமளே வரிசைக்கு வந்துடுவோம்.

சரி, செருப்பு மேட்டருக்கு வரேன்.

அன்னைக்கு எல்லாரும் செருப்பைக் கழட்டி ஒரே இடத்துல விட்டுட்டு தண்ணி ஓரமா நடந்துட்டு இருந்தோம். என்னோடது புதுசு, வாங்கி ஒரு வாரம் கூட ஆகல, இதை நான் அன்னைக்குப் பல தடவை எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ப்ரௌனியோட பந்தை அலை இழுத்துட்டுப் போயிடுச்சு. ப்ரௌனி கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துச்சு, எங்களைப் பார்த்துச்சு, திரும்பி ஓடிப்போய் ஒரு செருப்பைக் கவ்விட்டு வந்து பந்துக்குப் பதிலா வெச்சுக்கோங்கன்னு போட்டுச்சு. இதோட விட்டிருக்கலாம். சேர்மன் அப்பா அது யாரோடதுன்னு கூட பார்க்காம, அட சமத்துன்னு கொஞ்சிட்டு, அதைத் தூக்கித் தண்ணியில வீசிட்டார்.

ப்ரௌனி நீந்திப் போய்க் கொண்டு வந்துச்சு, சரி. ஆனா அதுக்கு இப்போ விளையாட்டோட ரூல்ஸ் புரிஞ்சு போச்சு. அடுத்த பத்து நிமிஷத்துல செருப்பு விட்ட இடத்துக்கும் கடலுக்கும் நடுவுல சரக்குப் போக்குவரத்து ஆரம்பமாயிடுச்சு, ஒண்ணு ஒண்ணா எடுத்துட்டு வந்து தண்ணி ஓரத்துல போடுது, நாங்க ஒண்ணைப் புடுங்கறதுக்குள்ள இன்னொண்ணை எடுக்கப் போயிடுது, இதுக்கு நடுவுல பீமாவும் ஒண்ணை இழுத்துக்கிட்டுப் போறதை நான் பார்த்தேன், ஆனா அது யாரோடதுன்னு அப்போ தெரியல, பாவம் விளையாடட்டும்னு விட்டேன், அந்தப் பாவம்தான் என்னைப் புடிச்சுது.

இதுல ஒரு செருப்பை அலை இழுத்துட்டுப் போய், அடுத்த அலை திருப்பிக் கொண்டு வந்து, நம்ம வீரா கரெக்டா முழு ஃபார்ம்ல குரைச்சுட்டு நிக்கறான், அவன் காலடியில போட்டுச்சு. நாலு வருஷத்துல கடல் அவனுக்கு முதல் தடவையா பதில் சொல்லுது. அவன் செருப்பைப் பார்த்தான். செருப்பு லேசா புரண்டுச்சு. அவ்ளோதான், கடலை விரட்டுற மாவீரன் வாலைக் காலுக்கு நடுவுல சொருகிக்கிட்டு நேரா வந்து என் ரெண்டு காலுக்கும் நடுவுல புகுந்துட்டான், நான் குப்புற விழுந்தேன்.

அப்புறம் ஏழெட்டு பேரும் வெறுங்காலோட குனிஞ்சு குனிஞ்சு செருப்பு தேடுறோம். எல்லாரும் திசைக்கு ஒருத்தரா பிரிஞ்சதும் டீச்சருக்குத் தாங்கல, ஓடி ஓடி எங்களை எல்லாம் நடுவுல கொண்டு வந்து சேர்த்துச்சு. நான் நாலு தடவை தேடப் போனேன், நாலு தடவையும் கொண்டு வந்து விட்டுடுச்சு. அந்த நேரம் பார்த்து ஸ்வீட்டி எங்கயோ ஒரு செத்த மீனைக் கண்டுபிடிச்சு, தோள்ல இருந்து ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் நல்லா தேய்ச்சுப் புரண்டு, வாசமா வந்து நடுவுல உக்காந்துச்சு. நாய்ங்க இப்படி ஏன் புரளுதுன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க, ஸ்வீட்டி முகத்தைப் பார்த்தா காரணம் எல்லாம் வேண்டாம், அப்படி ஒரு நிம்மதி.

எல்லாரும் ஒரே இடத்துல நெருக்கி நிக்கறோமா, ப்ரௌனி தண்ணியில இருந்து வந்துச்சு. நனைஞ்ச நாய் உதறும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அது ஏன் அவ்ளோ பெரிய பீச்சுல காலியா இருக்கற இடத்தை எல்லாம் விட்டுட்டு நம்ம பக்கத்துல வந்துதான் உதறணும்? மிருகங்க எப்படி உதறுதுங்கன்னு அமெரிக்காவுல ஜார்ஜியா டெக் யுனிவர்சிட்டில வீடியோ எடுத்து 2012ல ஆய்வே போட்டிருக்காங்க. சின்ன உடம்புன்னா வேகமா உதறணும், எலியெல்லாம் கண்ணுக்கே தெரியாத வேகம், லேப்ரடார் நொடிக்கு நாலஞ்சு தடவை. அந்த நாலஞ்சுக்கே எங்க ஏழெட்டு பேரோட சட்டையும் முடிஞ்சுது.

கடைசியில எல்லார் செருப்பும் ஜோடி சேர்ந்துச்சு, என்னோடதைத் தவிர. இடது கால் மட்டும் கிடைச்சுது. பீமாவைக் கூட்டிட்டுப் போய், எங்கடா புதைச்சேன்னு பீமா அம்மா கெஞ்சுனாங்க, அது சந்தோஷமா வேற வேற இடத்துல பதினோரு புதுக்குழி தோண்டிக் காமிச்சுது. நான் ஒத்தச் செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு காருக்குப் போனேன். இதுல வீராவுக்கு வேற வயித்தால. வாயைப் பொளந்து குரைக்கும்போது அலை உள்ள போயிடுது, உப்புத்தண்ணி குடிச்சா வாந்தியும் பேதியும்தான், அதுக்குன்னுதான் நல்ல தண்ணி பாட்டில்ல கொண்டு போய் அடிக்கடி குடிக்க வைக்கணும். நான் கொண்டு போயிருந்தேன். செருப்பு தேடுற அவசரத்துல கொடுக்க மறந்துட்டேன். காரைப் பத்தி நான் இங்க எதுவும் எழுதல.

அடுத்த ஞாயித்துக்கிழமை போறோம், அதே இடம், பீமா திடீர்னு ஒரு இடத்தை மோந்து பார்த்துட்டு தோண்ட ஆரம்பிச்சுது. வழக்கமான தோண்டல் இல்ல, ஒரு குறிக்கோளோட தோண்டுது. எல்லாரும் சுத்தி நின்னுட்டோம். சேர்மன் கூட எந்திரிச்சு வந்தார்னா பாத்துக்கோங்க. முக்கால் அடி ஆழத்துல ஒரு வார் தெரிஞ்சுது. ப்ரௌனி பாய்ஞ்சு வந்து இழுத்து, மண்ணோட மண்ணா கொண்டு வந்து என் கால்ல வெச்சுது, எல்லாரும் கை தட்டுனாங்க, வீரா பாதுகாப்பா பத்தடி தள்ளி நின்னு குரைச்சான்.

என்னோடது இல்ல, யாரோடதோ. கலர் வேற, ஆனா சைஸ் கரெக்டா இருந்துச்சு. சரி போனாப் போகுது, வீட்டுல இருக்கற ஒத்தையோட ஜோடி சேர்த்து தோட்டத்துக்காவது போட்டுக்கலாம்னு மண்ணைத் தட்டிட்டு மாட்டிப் பார்த்தேன்.

இதுவும் இடது கால்.