துண்டுச் சீட்டில் எழுதிய விலை

டெண்டர் பிரிவில் சேர்ந்த புதிதில் நான் கற்ற முதல் பழக்கம், ஏலத்துக்கு முன்பே நம் கடைசி விலையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது. அடக்க விலையோடு குறைந்தபட்ச லாபத்தைக் கூட்டிய எண் அது. என்ன ஆனாலும் அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

தலைகீழ் ஏலத்தில் குறைவாகக் கேட்பவருக்கே வேலை. கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது விலையைக் குறைத்தால் நேரம் இன்னும் ஐந்து நிமிடம் நீளும். ஒருநாள் அப்படியொரு ஏலம் பதினொரு முறை நீண்டது. போட்டியாளர் பெயர் திரையில் வராது. 'உங்கள் இடம்: 2' என்று மட்டும் காட்டும். எதிரே இருப்பது யார் என்று எங்கள் அறையில் எல்லோருக்கும் தெரியும். முந்தைய ஆண்டு எங்கள் பெரிய வாடிக்கையாளரைத் தட்டிச் சென்றவர்கள். "விடாதீர்கள், இன்னும் அரை சதவீதம் இறக்குங்கள்" என்றார் மேலாளர். அதற்குள் சீட்டில் இருந்த எண்ணைத் தாண்டி நான்கு முறை இறங்கிவிட்டோம். விலையைத் தட்டியது என் விரல். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. திரையில் 1 வந்ததும் எல்லோரும் கைதட்டினோம். இரண்டு ஆண்டுகள் அந்த ஒப்பந்தம் எங்களுக்கு நஷ்டத்தையே தந்தது.

பொருளியலாளர் மார்ட்டின் ஷூபிக் 1971-இல் எழுதிய டாலர் ஏலத்தைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். அதிகம் கேட்டவருக்கு ஒரு டாலர் கிடைக்கும்; இரண்டாவதாக வந்தவரும் தான் கேட்ட தொகையைக் கட்டியாக வேண்டும். லாபத்துக்கு ஆசைப்பட்டு நுழைகிறவர்கள், பின்வாங்க மனமில்லாமல் ஒரு டாலருக்கு மேலும் கேட்கிறார்கள். எங்கள் அறையை யாரோ எட்டிப் பார்த்து எழுதியதுபோல இருந்தது.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. பெப்சியின் ருசிப் போட்டிகளால் கலங்கிய கோகோ கோலா 1985 ஏப்ரலில் தன் சுவையையே இனிப்பாக மாற்றியது. 79 நாட்களில் பழையது திரும்பியது. அரசியலில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகளை வைத்ததால் எழுந்த 1962 நெருக்கடி முடிந்த விதத்தை நான் மதிக்கிறேன். துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளை விலக்கிக்கொள்வதாக அதிபர் கென்னடி ரகசியமாக வாக்களித்தார். சோவியத் தலைவர் குருஷேவ் பின்வாங்க ஒரு வழி கிடைத்தது.

ஆனால் ஆசை என்றாலே பிழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. 1972-இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நடந்த உலகச் சதுரங்கப் பட்டப் போட்டியில், சோவியத் சாம்பியன் ஸ்பாஸ்கி அமெரிக்கரான ஃபிஷருக்கு எதிராக 2-0 என்று முன்னிலையில் இருந்தார். இரண்டாவது ஆட்டத்துக்கு ஃபிஷர் வரவே இல்லை. மூன்றாவதைக் கேமராக்கள் இல்லாத பின்னறையில் ஆட வேண்டும் என்று ஃபிஷர் கேட்டபோது ஸ்பாஸ்கி மறுத்திருக்கலாம். ஒப்புக்கொண்டார். அதுவரை தன்னை ஒருமுறைகூட வெல்லாத ஃபிஷரிடம் அன்று தோற்றார்; கடைசியில் 12½–8½ என்று பட்டத்தையும் இழந்தார். அவர் விரும்பியது பலகையில் கிடைக்கும் வெற்றியை. அந்த ஆசை போட்டியாளர் அவருக்குள் விதைத்ததன்று, அவருடையது.

சில ஆண்டுகள் கழித்து ஒரு கூட்டத்தில், அன்று எதிர்த்தரப்பில் விலை கேட்டவரைச் சந்தித்தேன். "அந்த வேலை எங்களுக்குத் தேவையே இல்லை, சார். நீங்கள் வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நாங்களும் வந்தோம்" என்றார்.

அலுவலகம் திரும்பிப் பழைய கோப்பை எடுத்தேன். ஏலத்தில் கலந்துகொள்ள அனுமதி கேட்ட குறிப்பில், 'காரணம்' என்ற இடத்தில், என் கையெழுத்தில் அவர்கள் நிறுவனத்தின் பெயர் இருந்தது.