கட்டைவிரல் சொல்லும் அளவு

மார்ச் 3
என் மனச்சோர்வுக்குக் காந்தத் துடிப்பால் மூளையைத் தட்டும் சிகிச்சை (டிஎம்எஸ்). இன்று தலையை அளவெடுத்தார்கள். மூக்கு வேரிலிருந்து பின்மண்டை வரை நாடா, அப்புறம் காதிலிருந்து காது வரை. துடிப்பை விடும் காயிலை (கம்பிச்சுருளை) தலையின் இடப்பக்கம் வைத்து ஒவ்வொரு துடிப்பாக விட்டபோது வலது கட்டைவிரல் என்னைக் கேட்காமலே துள்ளியது. பத்து முறை விட்டால் ஐந்து முறையாவது துள்ள வைக்கும் குறைந்தபட்ச சக்திதான் கணக்கு. எனக்கு இயந்திரத்தின் முழு சக்தியில் 52 சதவீதம். சிகிச்சைக்கு அதில் 120 சதவீதம்.

மார்ச் 4
4 வினாடி தட்டல், 26 வினாடி இடைவெளி, மொத்தம் 37 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 3000 துடிப்பு. புருவம் துடிக்கிறது, பல் ஒன்றோடொன்று மோதுகிறது.

மார்ச் 8
ஒன்றுமில்லை.

மார்ச் 11
தூக்கம் வரவில்லை, அந்த 5 சென்டிமீட்டர்தான் மண்டைக்குள் ஓடுகிறது. முன்பெல்லாம் விரல் துள்ளும் இடத்திலிருந்து 5 செ.மீ. முன்னால் போய்க் காயிலை வைத்துவிடுவார்களாம். சின்னத் தலைக்கும் பெரிய தலைக்கும் அதே 5! பலருக்கு அது நெற்றிப்பக்கத்தில் சேர வேண்டிய இடத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. எனக்கு நாடா வைத்து அளந்ததால் பரவாயில்லை. ஆனாலும் அளந்தது மண்டையோட்டைத்தானே? உள்ளே மடிப்புகள் ஆளுக்கு ஆள் வேறு. சக்தியும் அப்படித்தான். 52 என்று சொன்னது விரலை ஆட்டும் பகுதி. நெற்றிப்பக்கம் மூளை இன்னும் ஆழத்தில் இருந்தால் அங்கே போய்ச் சேருவது எவ்வளவு?

மார்ச் 12
"நேற்று எவ்வளவு நேரம் தூங்கினீர்கள்?" தினமும் முதல் கேள்வி இதுதான். தூக்கம் குறைந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும் என்பதால் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னேன். அக்கா முறைத்தாள். "படிச்சது போதும்டா, போனைக் கீழே வை."

மார்ச் 16
எம்ஆர்ஐ. கண்ணைத் திறந்து வைத்து ஒரு கூட்டல் குறியையே பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். மூளையின் ஆழத்தில், சோகத்தோடு தொடர்புடைய ஒரு பகுதி இருக்கிறது. அதன் செயல்பாடு ஏறும்போது தன் செயல்பாடு இறங்கும் இடம் நெற்றிப்பக்கத்தில் எது என்று தேடுகிறார்கள். அந்த இடத்துக்கு அருகே தட்டியவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்ததை 2012-லேயே கவனித்திருக்கிறார்கள்.

மார்ச் 18
திரையில் இரண்டு புள்ளிகள். பழையது ஒன்று, எனக்கென்று கண்டது ஒன்று. நடுவில் ஒரு விரல் அகலம் இருக்கும். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. பிரிட்டனில் 255 பேரிடம் செய்து 2024-ல் வெளியான ஆய்வில், மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இந்த இணைப்பைப் பார்த்து இடம் குறித்த சிகிச்சை வழக்கமானதைவிட மேல் என்று தெரியவில்லை, இரு பக்கமும் ஒரே அளவில்தான் தேறினார்கள் என்றார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறைக்கு 2022-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதிலும் இடம் ஆளுக்கேற்பத்தான். ஆனால் அங்கே ஐந்து நாளைக்கு நாளொன்றுக்கு 10 தடவை தட்டுகிறார்கள். பலன் இடத்தாலா, எண்ணிக்கையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

255 பேரின் சராசரி என் தலை இல்லை. புதுப் புள்ளியிலேயே வையுங்கள் என்றேன்.

மார்ச் 19
புது இடம். நெற்றியில் ஒட்டிய குறியைக் கேமரா பார்க்கிறது. தலை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் திரை சிவக்கிறது. கன்னம் வலிக்கிறது. புருவம் துடிக்கவே இல்லை.

மார்ச் 21
இடம் மட்டும் போதாது, நேரமும் சேர வேண்டும். ஜெர்மனியில் இஇஜி (மூளையின் மின் அலைப் பதிவு) பார்த்துக்கொண்டே, கையை ஆட்டும் பகுதியில் மூளை அலை இறங்கியிருக்கும் நொடியில் தட்டியிருக்கிறார்கள். அதே துடிப்புதான், விளைவு நீடித்தது. அந்த அலை வினாடிக்குப் பத்து முறை ஏறி இறங்கும்; மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே 50 மில்லிவினாடி. என் அலை எந்தப் பக்கம் இருக்கும்போது தட்டுகிறார்கள் என்று இங்கே யாரும் பார்ப்பதில்லை.

மார்ச் 24
எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 27
சோர்வை அளக்கும் கேள்வித்தாளில் மதிப்பெண் இறங்கியிருக்கிறது, அதாவது சோர்வு குறைந்திருக்கிறதாம். நான் நம்பவில்லை, அக்கா நம்புகிறாள். காலையில் அவள் எழுப்பாமலே குளித்துவிட்டேனாம். அது புதுப் புள்ளியாலா, இல்லை பழைய புள்ளியிலேயே இருந்திருந்தாலும் இந்நேரம் வந்திருக்குமா? டாக்டரிடம் நாளை இரண்டு கேட்க வேண்டும்: ஒரே நாளில் இரண்டு தடவை வைக்கலாமா, மறுபடி ஒரு எம்ஆர்ஐ எடுத்தால் அந்தப் புள்ளி அதே இடத்தில்தான் வருமா.